சீவாளியைப் பற்றிக் கேள்

செய்யாறு,
வைகாசி 20

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. உடனே பதில் எழுதியிருக்க வேண்டும். அம்மாவுக்கு வலது கண்ணில் புரை எடுத்தோம். சொட்டு மருந்து, கறுப்புக் கண்ணாடி, எப்போதும் பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும் என்று நாட்கள் ஓடிவிட்டன. இப்போது நன்றாகத் தெரிகிறது. எதிர்வீட்டுத் திண்ணையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று உள்ளே இருந்தபடியே சொல்கிறாள். உன் மகளுக்குத் திருச்சியில் வேலை கிடைத்ததைப் படித்துக் காட்டினேன். "அந்தக் குட்டியா?" என்று கேட்டுவிட்டு, நீ நம் வீட்டுக்கு வந்து தங்கிய நாட்களைப் பற்றியே இரவு வரை பேசிக்கொண்டிருந்தாள்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். கும்பகோணம் பக்கத்து நாகஸ்வரக்காரர்கள் நாலைந்து பேரைப் பார்த்துப் பேசிப் பதிவு செய்யப் போகிறாய் என்று படித்தபோது ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. கூத்துக்காரர்களோடு ஐந்தாறு வருஷமாகத் திரிகிறவன் என்பதால் என்னிடம் யோசனை கேட்டிருக்கிறாய். நீ அனுப்பிய கேள்விகள் இருபத்திரண்டையும் படித்தேன். "உங்கள் கலையின் ஊற்று எது?", "வாசிக்கும்போது உங்கள் மனநிலை எப்படி இருக்கும்?" என்று போகின்றன. நான் முதன்முதலில் எடுத்துக்கொண்டு போன தாளிலும் ஏறக்குறைய இவைதான் இருந்தன. அதை வைத்துக்கொண்டு நான் என்ன ஆனேன் என்று சொல்கிறேன்.

இங்கே பக்கத்துக் கிராமத்தில் ஒரு கூத்து வாத்தியார் இருக்கிறார். எழுபது வயதுக்கு மேல். பன்னிரண்டு வயதில் பெண் வேஷத்தில் தொடங்கி, பிறகு எல்லா வேஷமும் கட்டியவர். ஒரு மத்தியானம் அவர் வீட்டுக்குப் போனேன். நாற்காலி போட்டு உட்கார வைத்தார், டீ வந்தது. அவர் சட்டை மாற்றிக்கொண்டு வந்து, போட்டோ எடுக்கிறவர் முன்னால் உட்காருகிற மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். கலையின் ஊற்று பற்றிக் கேட்டேன். "எல்லாம் திரௌபதை அம்மன் குடுத்தது தம்பி" என்றார். துரியோதனனாக நிற்கும்போது மனம் எப்படி இருக்கும் என்று கேட்டேன். "அம்மன் பார்த்துக்கும்" என்றார். ஒரு மணி நேரத்தில் தாள் தீர்ந்துவிட்டது. பஸ்ஸில் வரும்போது, பெரிய கலைஞர்தான், ஆனால் தன் கலையைப் பற்றிச் சொல்ல அவரிடம் வார்த்தை இல்லை என்று நினைத்தேன். அப்படி நினைத்தது இப்போதும் உறுத்துகிறது.

அந்த வருஷம் பங்குனி முடிவில் வந்தவாசிப் பக்கம் ஓர் ஊரில் பாரதம் நடந்தது. பகலில் பிரசங்கம், ராத்திரி கூத்து. பதினெட்டாம் போர் அன்று அவர்தான் துரியோதனன். வேஷம் போடுகிற கொட்டகையில் போய் ஓரமாக உட்கார்ந்தேன். தாளும் கொண்டுபோகவில்லை, கேள்வியும் இல்லை. முகத்தில் அரிதாரம் பூசி முடித்துவிட்டு, பழைய வேட்டியைக் கிழித்த நீளமான துணிகளை மார்பிலும் இடுப்பிலும் இறுக்கிச் சுற்றிக்கொண்டிருந்தார். "இந்தத் துணி எதுக்குங்க?" என்று கேட்டேன். வேறொன்றும் தோன்றாமல் கேட்டதுதான். முக்கால் மணி நேரம் பேசினார்.

உனக்குக் கட்டை தெரியுமா? கிரீடம், தோளில் புஜக்கட்டை, மார்புப் பதக்கம் எல்லாம் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கியவை. எடை குறைந்த மரம் என்பதால் அதில் செய்கிறார்கள். மேலே வண்ணம் பூசிக் கண்ணாடிச் சில்லுகள் பதித்திருப்பார்கள். எடை குறைவு என்றாலும், ராத்திரி பத்து மணிக்கு ஏறியது விடிந்துதான் இறங்கும். அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்: "துணி சுத்தலன்னா கட்டை தோளை அறுத்துடும் தம்பி. சுத்திட்டா மூச்சு முழுசா உள்ள போவாது. பாதி மூச்சுலதான் பாடணும். அதனால பாட்டு துண்டு துண்டா விழும். எங்க வாத்தியார் அத வுடல. அந்தத் துண்டயே துரியோதனன் கோவம்னு ஆக்கிட்டாரு."

அப்புறம் கிரீடம் ஏறிய பிறகு தலையை மட்டும் தனியாகத் திருப்ப முடியாது, திரும்பினால் முழு உடம்பும் திரும்ப வேண்டும், சபையில் ஒருத்தனைப் பார்ப்பதற்கே அரசன் அத்தனை பெரிதாகத் திரும்புகிறான் என்றால் அங்கே கூட்டம் அடங்கிவிடும் என்றார். பல வருஷமாகக் கூத்துப் பார்க்கிறேன். துரியோதனன் திரும்புகிற அழகை எத்தனையோ தடவை வியந்திருக்கிறேன். அது மரத்திலிருந்தும் துணியிலிருந்தும் வந்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நான் மத்தியானம் கேட்ட கேள்விக்கு அவர் ராத்திரி பதில் சொன்னார். கை வேலையில் இருந்தது, அதனால் வாய் வந்தது.

அதனால் நீ போகும்போது சீவாளியைப் பற்றிக் கேள். நாகஸ்வரத்தில் பொருத்தி, உதட்டில் வைத்து ஊதுகிற, காவிரிக் கரை நாணலில் செய்த அந்தச் சின்னத் துண்டு அவர்களுக்கு எத்தனை சங்கடம் கொடுக்கிறது என்று கேள். ஏன் நாலைந்தைக் கோத்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள், எந்தச் சீவாளியைக் கல்யாணத்துக்கு எடுப்பார்கள், எதைச் சுவாமி புறப்பாட்டுக்கு எடுப்பார்கள், மழை நாளில் அது என்ன செய்யும் என்று கேள். நாகஸ்வரத்தின் உச்சியில் இருக்கிற கெண்டை என்ற உலோகக் குழாயில் அதைச் செருகுகிற நேரத்தில் கேள். ராகத்தைப் பற்றி அவர்கள் தானாகவே பேசத் தொடங்குவார்கள்.

நாகஸ்வரம் செய்கிற நரசிங்கம்பேட்டை உனக்கு எட்டிப்பிடிக்கிற தூரம்தானே? அங்கேயும் போய்விட்டு வா. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கிற ஆச்சா மரத்தில்தான் நல்ல நாகஸ்வரம் வரும் என்பார்கள். பல வருஷம் உத்தரமாகக் கிடந்து ஈரம் முழுக்க வற்றிய மரம். 2022இல் அந்த ஊர் நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது எல்லாரும் அதைப் பற்றிப் பேசினார்கள். ஆனால் எனக்கு அந்த ஊர் என்றால் ரங்கநாதன் ஆசாரிதான் நினைவுக்கு வருவார். முன்பு வழக்கில் இருந்தது திமிரி. குட்டையானது, மேல் சுருதி. அதைவிட நீளமும் கீழ்ச் சுருதியும் உள்ள பாரியை, திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தேவைக்கேற்பக் கடைந்து கொடுத்தவர் அவர். பிள்ளை வாசித்த தோடி ராகத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். அவர் ஊதியதற்குள் ஓர் ஆசாரியின் உளியும் இருந்தது. அந்த இரண்டு பேரும் ஒரு மரத்தை நடுவில் வைத்துக்கொண்டு என்ன பேசியிருப்பார்கள் என்று நான் அடிக்கடி யோசிப்பேன். ஒருவர் காதால் கேட்டதை இன்னொருவர் துளையாகப் போட்டிருக்கிறார். அந்தப் பேச்சை யாராவது பக்கத்தில் இருந்து எழுதி வைத்திருந்தால்!

இன்னொன்று. அவர்கள் சொல்கிற வார்த்தையை மாற்றாதே. நான் வாத்தியாரிடம் "நீங்கள் எப்போது கர்ணனாக நடிக்க ஆரம்பித்தீர்கள்?" என்று கேட்டேன். அவருக்குக் கேள்வியே புரியவில்லை. பக்கத்தில் இருந்த மிருதங்கக்காரர்தான், "கர்ணன் எப்ப கட்டுனீங்கன்னு கேக்குறாரு" என்று சொன்னார். வேஷம் கட்டுவது என்பதுதான் அவர்கள் பேச்சு. நடிப்பு என்ற சொல்லை அவர் சினிமாவுக்கு வைத்திருக்கிறார். நான் முதலில் எழுதிய கட்டுரையில் எல்லா இடத்திலும் 'நடித்தார்' என்று திருத்தமாக எழுதியிருந்தேன். எல்லாவற்றையும் அடித்துவிட்டு மறுபடி எழுதினேன்.

கர்ணன் என்றதும் அதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் சாவு வீட்டில் பதினாறாம் நாள் காரியத்துக்குக் கர்ண மோட்சக் கூத்து வைப்பார்கள். திருவிழாக் கூத்து மாதிரி இருக்காது. பார்க்கிறவர்கள் பாதிப் பேர் அந்த வீட்டுச் சொந்தக்காரர்கள். வாத்தியார் கூத்துக்கு முன்னால் இறந்தவர் பெயரையும், என்ன வேலை செய்தார் என்பதையும், யார் கொள்ளி வைத்தது என்பதையும் கேட்டுக்கொள்வாராம். பாட்டில் எங்கேயும் அந்தப் பெயர் வராது. பிறகு ஏன் கேட்கிறீர்கள் என்றேன். "பொன்னுருவி கிட்ட கர்ணன் வெடை வாங்கறப்ப நான் எந்தப் பக்கம் திரும்பி நிக்கணும்னு தெரியணுமில்ல" என்றார். பொன்னுருவி கர்ணனின் மனைவி. அன்றைக்கு நான் வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்க முடியவில்லை.

எழுத்தாளர்களோடு பேசுவதைப் பற்றியும் கேட்டிருந்தாய். அது வேறு மாதிரி. அவர்களிடம் வார்த்தை தயாராக இருக்கும். பல மேடைகளில் சொன்னதையே அழகாகத் திருப்பிச் சொல்வார்கள். அவர்களிடமும் நான் மேசையைப் பற்றித்தான் கேட்கிறேன். எந்த நேரத்தில், எந்தத் தாளில், அடித்ததைத் தூக்கிப் போடுவாரா வைத்திருப்பாரா, முதலில் யாருக்குப் படித்துக் காட்டுவார். போன மாசம் ஒருவரைப் பார்த்தேன். கதையைப் பற்றிக் கேட்டபோது பிரசங்கம் மாதிரி பேசினார். அடித்த தாள்களைப் பற்றிக் கேட்டபோது எழுந்து போய் ஒரு துணிப்பையைக் கொண்டுவந்தார். அதிலிருந்த ஒரு பத்தியை எடுத்து, ஏன் நீக்கினேன் என்று விளக்கத் தொடங்கியவர், நடுவில் நிறுத்திவிட்டு, "இதை எடுத்திருக்கக் கூடாது" என்றார். அந்த ஒரு வரிக்காக நான் இன்னும் பத்து தடவை அவர் வீட்டுக்குப் போவேன்.

நாம் கல்லூரியில் இருந்தபோது 'சுபமங்களா' பத்திரிகைக்காக மாதம் தவறாமல் கடைவாசலில் நிற்போமே, நினைவிருக்கிறதா? 1991இலிருந்து 1995இல் இறக்கும்வரை கோமல் சுவாமிநாதன் அதை நடத்தினார். அதில் வந்த நீண்ட நேர்காணல்களைத்தான் நாம் முதலில் படிப்போம், கதையெல்லாம் அப்புறம். கோமல் நாடகக்காரர், ஒருவர் பேசும்போது மற்றவர் எப்போது சும்மா இருக்க வேண்டும் என்று தெரிந்தவர், அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன்.

கி.ராஜநாராயணனை எடுத்துக்கொள். மழைக்காகத்தான் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்கினேன், அப்போதும் மழையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன் என்று சொன்னவர். கேட்டுப் பழகிய காது அவருடையது. கரிசல் வட்டாரச் சொற்களை அகராதியாகத் தொகுத்தார் என்றால், அதற்கு முன்னால் எத்தனை பேர் பேச எத்தனை பொழுது உட்கார்ந்திருந்திருப்பார்! அவரும் கு.அழகிரிசாமியும் ஒரே ஊர், இடைசெவல். பிறந்ததும் ஒரே வருஷம், 1923. அழகிரிசாமி அவருக்கு எழுதிய கடிதங்களைக் கி.ரா. பத்திரமாக வைத்திருந்ததால்தான் அவை பிறகு புத்தகமாக வந்தன. எந்த நேர்காணலும் தராத ஒன்று அந்தக் கடிதங்களில் இருக்கிறது. பேட்டி எடுக்கிறவருக்கு யாரும் அப்படிப் பேச மாட்டார்கள். சிநேகிதனுக்குத்தான் எழுதுவார்கள். நாமும் போனில் பேசுவதோடு நிறுத்தாமல் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை வந்ததே அதைப் படித்துத்தான்.

காசைப் பற்றிக் கேட்கலாமா என்று தயங்கியிருக்கிறாய். கட்டாயம் கேள். ஒரு ராத்திரிக்கு எவ்வளவு, அதில் யாருக்கு எத்தனை பங்கு, கூத்து இல்லாத மாசங்களில் என்ன வேலைக்குப் போகிறார்கள் என்பதெல்லாம் கலையைச் சேர்ந்ததுதான். வாத்தியாரின் ஜமாவில், அதாவது கூத்துக் குழுவில், ராத்திரி பீமனாக நின்றவர் காலையில் செங்கல் சூளைக்குப் போகிறார். அதை விட்டுவிட்டு அவர் அடவைப் பற்றி மட்டும் நான் எழுதினால் பாதியை மறைத்தவன் ஆவேன். ஆனால் எல்லாரும் இருக்கும்போது கேட்காதே. தனியாகக் கேள்.

செல்போனைக் கையோடு வைத்துக்கொள். கீழே எங்கேயும் வைத்துவிடாதே. ஒரு ராத்திரி முழுக்க ஆர்மோனியப் பெட்டிமேல் வைத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து கேட்டால் ஆர்மோனியம் மட்டும்தான் இருக்கிறது. அன்று பின்பாட்டுக்காரர் பாடின விருத்தம் அதோடு போயிற்று. அவர் இப்போது இல்லை.

எழுதி முடித்ததும் அவர்களிடம் திரும்பப் போய்ப் படித்துக் காட்டு. நான் வாத்தியாருக்குப் படித்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தன் வாத்தியாரைப் பற்றிக் கோபமாகச் சொன்ன ஒரு இடம் வந்தபோது, "இத எடுத்துடு தம்பி, அவரு குடுத்த சோறு" என்றார். கட்டுரையிலேயே உயிரான இடம் அதுதான் என்று எனக்குத் தோன்றியது. இருந்தாலும் எடுத்துவிட்டேன். அப்புறம், முகவீணை என்ற சின்ன ஊதுகுழல் வாசிக்கிற முகவீணைக்காரரைப் பற்றி ஒன்றுமே எழுதவில்லையே என்று வருத்தப்பட்டார். இந்தப் பக்கத்தில் முகவீணை ஊதுகிறவர்கள் மிகவும் குறைந்துவிட்டார்கள். அவர் ஊதவில்லை என்றால் தாங்கள் திரைக்குப் பின்னால் நின்று பாடுகிற பாட்டுக்குச் சுருதியே நிற்காது என்றார். மறுநாளே போய் அவரைப் பார்த்தேன். அதிலிருந்து வேறொரு கட்டுரை தொடங்கியிருக்கிறது.

ஆனி முதல் வாரம் இங்கே பக்கத்தில் படுகளம், துரியோதனன் விழுகிற நாள். ஊர்ப் பொதுவில் துரியோதனனை மண்ணால் படுக்க வைத்திருப்பார்கள், இருபது பேர் உட்காரலாம் போல மார்பு. வாத்தியார்தான் வேஷம். இதுவே கடைசி வருஷம் என்கிறார், போன வருஷமும் சொன்னார். ஆனாலும் இந்தத் தடவை முழங்காலைப் பிடித்துக்கொண்டு சொன்னார். நீ கட்டாயம் வா. முந்தின ராத்திரியே வந்துவிடு, கொட்டகையில் சேர்ந்து உட்காரலாம். துணி சுற்றும்போது ஒரு நுனியை யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும், இப்போதெல்லாம் என்னிடம்தான் கொடுக்கிறார். இன்னொரு நுனியை நீ பிடிக்கலாம்.

வரும்போது அம்மாவுக்குக் கும்பகோணம் வெற்றிலை கொஞ்சம் வாங்கி வா. எனக்கு ஒரு பழைய சீவாளி கிடைத்தால் போதும். வாத்தியாருக்குக் காட்ட வேண்டும்.

அன்புடன்,
உன் நண்பன்