கீரை விற்ற சிறுமியும் துரைமார் கதையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் நூல் அறிமுகப் பகுதியில், ‘துரைமார் வீட்டு விருந்துக் கதைகள் நமக்கு எதற்கு?’ என்று ஒரு வரி வந்திருந்தது. பிரிட்டன் வாழ்க்கையைச் சொல்லும் நாவல்கள், வரலாற்று நூல்கள் எல்லாவற்றையும் அந்த ஒரே வரியில் ஒதுக்கித் தள்ளிவிட்டார் எழுதியவர். உங்கள் இதழை விடாமல் வாங்குகிறவன் என்ற உரிமையில் சொல்கிறேன், மனசு மிகவும் வலித்தது.

ஹென்றி மேஹ்யூ என்ற பத்திரிகையாளரை நீங்கள் அறியாதவர் அல்ல. 1850ஐ ஒட்டிய ஆண்டுகளில் லண்டன் தெருக்களில் பிழைப்பு நடத்தியவர்களிடம் பேசி, அவர்கள் சொன்னதை அவர்கள் வாய்மொழியாகவே எழுதினார். அதில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி வருகிறாள். இருட்டோடு எழுந்து ஃபேரிங்டன் சந்தைக்குப் போய்க் கீரை வாங்கி, ஒரு பென்னிக்கு நாலு கட்டு என்று தெருவெல்லாம் கூவி விற்கிறாள். கடுங்குளிரில் மெல்லிய பருத்தி கவுன், நைந்த சால்வை. காலுக்குப் பெரிதான துணிச் செருப்பு கழன்று விழாமலிருக்கத் தேய்த்துத் தேய்த்து நடக்கிறாள். மிட்டாய்க்கு ஆசைப்படுவது குழந்தைகள் வேலை, பிழைக்க வேண்டியவளுக்கு அது எதற்கு என்கிறாள். இதில் துரை எங்கே இருக்கிறார், விருந்து எங்கே நடக்கிறது?

நான் கோவைப் பக்கம் நூற்பாலையில் சைடராக, அதாவது நூற்பு எந்திரம் பார்க்கும் தொழிலாளியாக, இருந்து ஓய்வு பெற்றவன். 1861இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் தொடங்கியதும் இங்கிலாந்தின் நூற்பாலைப் பகுதியான லங்காஷயருக்குப் பஞ்சு வரத்து நின்று ஆலைகள் மூடின. பதிலுக்கு இங்கிருந்து போன சூரத் பஞ்சை அந்த ஊர்த் தொழிலாளர்கள் வெறுத்தார்கள். ஏன் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. இழை நீளம் குறைந்த பஞ்சு, நூல் அறுந்துகொண்டே இருக்கும். நூற்ற அளவுக்குத்தான் கூலி என்றால், ஒவ்வொரு அறுப்பும் வீட்டு அடுப்பில் கை வைக்கும். அப்படிப்பட்ட பட்டினியிலும், 1862 டிசம்பர் 31 அன்று மான்செஸ்டர் தொழிலாளர்கள் கூட்டம் போட்டு, அடிமைமுறையை எதிர்த்து அமெரிக்க அதிபர் லிங்கனுக்கு ஆதரவுக் கடிதம் அனுப்பினார்கள். அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர்கள் என் தொழில்காரர்கள், ஐயா.

நம்மை ஆண்டவர்கள் செய்ததை மறக்கச் சொல்லவில்லை. 1876-78 பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் ஜனங்கள் மடிந்துகொண்டிருக்க, தானியம் கப்பலேறிய கதையையும் நான் படித்திருக்கிறேன். ஆனால் 1819இல் மான்செஸ்டரில், பீட்டர்லூ படுகொலை என்று பெயர் பெற்ற சம்பவத்தில், நாடாளுமன்றத்தில் தங்களுக்கும் இடம் வேண்டும் என்று கேட்டுக் கூடிய சொந்த மக்கள்மேல் குதிரைப்படையை ஏவியதும் அதே ஆளும் வர்க்கம்தானே? இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் விஷயம் புரிகிறது.

சரி, அந்த வரி இருக்கட்டும். உங்கள் நூல் பகுதியில் மொழிபெயர்ப்பாளர் பெயரே வருவதில்லை, அது ஏன்? பிரிட்டன் பற்றி எந்தப் புத்தகம் வந்தாலும் கிரீடம் வைத்த ராணி படத்தையே போடுகிறீர்கள், சுரங்கத் தொழிலாளி கதைக்கும் அதே படம். நீங்கள் பரிந்துரைத்தீர்கள் என்று சார்லஸ் டிக்கன்ஸின் ‘ஆலிவர் ட்விஸ்ட்’ நாவலின் தமிழ்ப் பிரதி ஒன்றை வாங்கி, நூலகத்து ஆங்கிலப் பிரதியோடு வைத்துப் பார்த்தேன். ஏழைகளுக்குத் தினம் மூன்று வேளை நீர்த்த கஞ்சி, வாரத்தில் இரண்டு தடவை ஒரு வெங்காயம், ஞாயிற்றுக்கிழமை அரை ரொட்டி என்று ஏழையர் விடுதி நிர்வாகிகள் திட்டம் போடும் இடம் அடியோடு இல்லை. 1834ஆம் ஆண்டு ஏழையர் சட்டத்தின்மேல் டிக்கன்ஸுக்கு இருந்த கோபமே அந்தப் பக்கங்களில்தான் இருக்கிறது. அதை வெட்டிவிட்டு மிச்சத்தை விற்கிறார்கள். சுருக்கப்பட்ட பதிப்பு என்று அட்டையிலும் இல்லை, உங்கள் அறிமுகத்திலும் இல்லை. இதைப் பற்றி அப்போதே எழுதினேன். பதிலும் இல்லை, பிரசுரமும் இல்லை.

இனிமேல் நூல் அறிமுகத்தின் கீழே மொழிபெயர்த்தவர் பெயரையும், முழுப் பதிப்பா சுருக்கமா என்பதையும் ஒரு வரியில் போடுங்கள். அது போதும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நூற்பாலைத் தொழிலாளி,
சிங்காநல்லூர், கோவை.