உங்கள் வீட்டை வரைபவர் என்ன படித்தவர்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பிளான் கேட்டு எங்கள் காரைக்குடி அலுவலகத்துக்கு வருபவர்களில் பலர், "நீங்க சிவில் இன்ஜினியர்தானே?" என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். நான் ஆர்க்கிடெக்ட், அதாவது வீட்டின் அமைப்பைத் திட்டமிட்டு வரைபவர். ஆயுள் சேமிப்பைப் போட்டு வீடு கட்டும் நீங்கள், அந்த வேலையை யாரிடம் கொடுக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

பிளஸ் டூவில் கணக்கு எடுத்துப் படித்து, நாட்டா நுழைவுத் தேர்வு எழுதி, பி.ஆர்க். சேர்ந்தேன். ஐந்து வருடப் படிப்பு. ஓர் அலுவலகத்தில் பயிற்சி எடுப்பதும் அதற்குள் அடக்கம். அப்புறம் ஆர்க்கிடெக்சர் கவுன்சிலில் பதிவு. 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி, அங்கே பதிவு செய்தவர்தான் தன்னை ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அந்தச் சட்டம் 'ஆர்க்கிடெக்ட்' என்ற பெயருக்குத்தான் காவல், பிளான் வரையும் வேலைக்கு அல்ல என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. அதாவது அந்தச் சட்டத்தைப் பொறுத்தவரை யாரும் வரையலாம். விசாரித்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. பதிவு எண் 'சிஏ' என்று தொடங்கும், பதிவான வருடமும் அதிலேயே இருக்கும். தயங்காமல் கேளுங்கள், என்னிடமும்தான்.

படிப்பில் என்னை உருவாக்கியது, ஒரு செட்டிநாட்டு வீட்டை நாடா பிடித்து அளந்து வரைந்த வேலை. முகப்பில் நின்றால் வளவு (நடு முற்றத்தைச் சுற்றிய தூண் வைத்த கூடம்), அதற்கு அடுத்த இரண்டாங்கட்டு தாண்டிப் பின்வாசல் வரை ஒரே நேராகத் தெரியும். காற்றும் அதே வழியில் ஓடும். சூடான காற்று முற்றத்தின் வழியே மேலே போய்விடும். மத்தியானத்தில் தெருவில் கால் வைக்க முடியாது. உள்ளே நாங்கள் வளவுத் தூண் ஓரத்தில் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்து படம் போட்டோம்.

அதனால்தான் இன்றும் பென்சில் எடுப்பதற்கு முன் வெயில் வரும் திசையைப் பார்க்கிறேன். "வடக்கே வெயில் வராது, அங்கே சன்ஷேடு எதுக்கு?" என்று கேட்பவர்கள் நிறைய. நம் ஊரில் ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை உச்சி வெயிலே தலைக்குச் சற்று வடக்கே தள்ளித்தான் நிற்கும். காலையிலும் மாலையிலும் வடகிழக்கு, வடமேற்கிலிருந்து தாழ்வாக வந்து ஜன்னலுக்குள் நுழையும். அதைத் தடுக்க மேலே சன்ஷேடு மட்டும் போதாது, ஜன்னலின் பக்கவாட்டிலும் ஒரு தடுப்பு வேண்டும். இதைக் கட்டும்போதே செய்தால் செலவு கொஞ்சம்தான். குடிவந்த பிறகு ஏசி வாங்கி, மாதாமாதம் கரண்ட் பில் கட்டுவது அப்படி இல்லை.

அஸ்திவாரம் எவ்வளவு ஆழம், பீமில் எத்தனை கம்பி என்பது ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரின் கணக்கு. அவர் கையெழுத்து இல்லாமல் நாங்கள் வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டச் சொல்வதில்லை.

முதல் சந்திப்புக்கு வரும்போது பட்டா நகலும் புல வரைபடமும் கொண்டு வாருங்கள். வீட்டுப் பெரியவர்களையும், அடுப்படியில் அதிக நேரம் நிற்பவரையும் கட்டாயம் அழைத்து வாருங்கள். அவர்களிடம் கேட்க எனக்கு நிறைய இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் ஆர்க்கிடெக்ட்