பள்ளி அடிபம்பை மூடியது பற்றிப் பெற்றோர்களுக்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கும், பிள்ளைகளைக் காலையில் கொண்டுவந்து விடுகிற தாத்தா பாட்டிகளுக்கும் வணக்கம்.

பள்ளிக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் இருந்த அடிபம்பின் கைப்பிடியைக் கழற்றி என் அறையில் வைத்திருக்கிறேன். "வெயில் நேரத்துல பிள்ளைங்க குடிக்கிற தண்ணியைப் போய் நிறுத்திட்டீங்களே டீச்சர்" என்று உங்களில் சிலர் கேட்டீர்கள். கேட்டது நியாயம்தான். வாசலில் நின்றபடி சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

அந்தத் தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தோம். அதில் குரோமியம் என்கிற உலோகம் இருக்கிறது, குடிநீருக்கு அனுமதித்த அளவைத் தாண்டி இருக்கிறது. இந்தியத் தர நிர்ணயப்படி ஒரு லிட்டர் குடிநீரில் 0.05 மில்லிகிராமுக்கு மேல் குரோமியம் இருக்கக் கூடாது. ஒரே ஒரு கிராம் குரோமியம் 20,000 லிட்டர் தண்ணீரை அந்த எல்லைக்குக் கொண்டுபோய்விடும். தெருவுக்கு வருகிற 5,000 லிட்டர் டேங்கரில் நான்கு டேங்கர் தண்ணீர் அது.

இதைச் சோதிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே ஒரு பையனால்தான். ஐப்பசி மழையின்போது நான்காம் வகுப்பில் படிக்கிற அவன் ஒரு காகிதக் கப்பலைக் காயவைத்து என் மேசைக்குக் கொண்டுவந்தான். கணக்கு நோட்டுத் தாளில் செய்த கப்பல். அடிப்பக்கம் முழுக்க மஞ்சள். கல்யாணப் பத்திரிகையின் ஓரத்தில் மஞ்சள் தடவியது போல அவ்வளவு பளிச்சென்று இருந்தது. எங்கே விட்டாய் என்று கேட்டேன். "சிப்காட் பக்கம் காவா ஓரம் டீச்சர், அங்கதான் தண்ணி கலரா இருக்கும்" என்றான், அத்தனை சந்தோஷமாக. இந்தப் பள்ளிக்கு நான் வந்து நான்கு வருடம் ஆகிறது. நான்கு வருடமும் அந்த அடிபம்புத் தண்ணீரை நானும் குடித்தேன், உங்கள் பிள்ளைகளும் குடித்தார்கள். முதல் வருடமே சோதித்திருக்க வேண்டும். அந்தப் பொறுப்பு என்னுடையது.

நம் ராணிப்பேட்டையில் குரோமியம் எங்கிருந்து வந்தது என்று பெரியவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சிப்காட்டில் இருந்த குரோமேட் ஆலை 1990களில் மூடப்பட்ட பிறகும், 1.5 லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவு வெட்டவெளியிலேயே கிடந்தது. மழை பெய்யும்போதெல்லாம் அதில் ஊறிய தண்ணீர் நிலத்துக்குள் இறங்கியது. குரோமியத்தில் இரண்டு வகை முக்கியம். தோல் பதனிடுகிற தோல் ஷாப்பில் தோலுக்கு ஏற்றுவது மூன்று இணைதிறன் கொண்ட வகை. அது பெரும்பாலும் மண்ணைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடும். அந்த ஆலைக் கழிவில் இருப்பது, தண்ணீரை மஞ்சளாக்குகிற, ஆறு இணைதிறன் கொண்ட வகை. அதுதான் அதிக நஞ்சு, தண்ணீரில் கரைந்து நிலத்தடியிலேயே வெகுதூரம் போகக்கூடியதும் அதுதான். உங்களில் பாதிப் பேருக்கு மேல் தோல் ஷாப்பிலும் ஷூ கம்பெனியிலும் வேலை செய்கிறீர்கள். உங்கள் பிழைப்பைக் குறை சொல்லி எழுதவில்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

"காய்ச்சிக் குடிச்சா போதாதா?" என்று ஒரு பாட்டி கேட்டார். போதாது. காய்ச்சினால் கிருமி சாகும், உலோகம் அப்படியே இருக்கும். ரசத்தைச் சுண்டவைத்தால் உப்புக் கரிக்கிறதல்லவா, அதே கதைதான். தண்ணீர் ஆவியாகி, மிச்சத்தில் குரோமியத்தின் அளவு கூடுமே தவிரக் குறையாது. துணியில் வடிகட்டுவது, படிகாரம் போடுவது, தேத்தாங்கொட்டை தேய்ப்பது எல்லாம் கலங்கலைத்தான் தெளிய வைக்கும். தெளிந்த தண்ணீரிலும் குரோமியம் இருக்கலாம். மஞ்சள் நிறம் கண்ணுக்குத் தெரிகிறதென்றால் அது எல்லையை எப்போதோ தாண்டிவிட்டது என்று அர்த்தம்.

ஃபில்டர் விற்க வருகிறவர்கள் பேனா மாதிரி ஒரு கருவியைத் தண்ணீரில் விட்டு எண்ணைக் காட்டுவார்கள். அது மொத்த உப்பின் அளவு. 300 என்று காட்டுகிற தண்ணீரில் 0.05 எங்கே ஒளிந்திருக்கிறது என்று அந்தப் பேனாவுக்குத் தெரியாது. ஆர்.ஓ. இயந்திரம் குரோமியத்தைப் பெருமளவு குறைக்கும், ஆனால் உள்ளே வடிகட்டுகிற மெம்பரேனை நேரத்தில் மாற்ற வேண்டும். வெறும் புறஊதா விளக்கு உள்ளது கிருமிக்கு மட்டும்தான்.

குடித்த மறுநாளே காய்ச்சல் வந்து படுக்க வைக்கிற விஷம் இல்லை இது. அதனால்தான் அலட்சியமாக இருந்துவிடுகிறோம். வருடக்கணக்கில் உள்ளே போனால் வயிறு, கல்லீரல், சிறுநீரகம் பாதிக்கப்படலாம், புற்றுநோய் அபாயமும் உண்டு. உடல் எடையோடு ஒப்பிட்டால் பெரியவர்களைவிடக் குழந்தைகள் அதிகம் தண்ணீர் குடிக்கிறார்கள், அதனால் அவர்களுக்குத்தான் பாதிப்பு கூடுதல். காலில் புண்ணோடு அந்த மஞ்சள் தண்ணீரில் விளையாட விடாதீர்கள். தோலைப் புண்ணாக்குகிற குணம் குரோமியத்துக்கு உண்டு.

1996இல் உச்ச நீதிமன்றம், பாலாற்றுப் படுகையில் நடந்த தோல் கழிவு மாசு வழக்கில், கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. நாடு முழுக்கச் சட்டக் கல்லூரிகளில் படிக்கிற தீர்ப்பு அது. அந்த வருடம் பிறந்தவர்கள் இன்று இந்தப் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்புகிறீர்கள். உங்கள் பிள்ளைகளுக்காக இந்த அடிபம்பின் கைப்பிடியை நான் கழற்ற வேண்டியிருக்கிறது. இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது, அதை மறைக்கவில்லை.

இப்போதைக்குக் குடிப்பதற்கும், காலை உணவு, சத்துணவு சமைப்பதற்கும், அரிசி களைவதற்கும்கூட மேட்டூரிலிருந்து வருகிற காவிரித் தண்ணீர் மட்டும்தான். தனி சின்டெக்ஸ் வைத்திருக்கிறோம். தண்ணீர் விடாத நாளில் தட்டுப்பாடு வரலாம் என்பதால் ஆளுக்கு ஒரு லிட்டர் பாட்டில் கொடுத்து அனுப்புங்கள். அதையும் காவிரித் தண்ணீரிலேயே பிடியுங்கள். சைக்கிளில் வருகிற பெரிய பிள்ளைகள் வழியில் பம்புசெட்டில் இறங்கிக் குடிப்பதை நானே பார்த்தேன். வீட்டில் சொல்லிவையுங்கள். பம்புசெட்டுக்காரர்களும் நம் பெற்றோர்கள்தான், பிள்ளைகளை அதட்டாமல் காரணத்தைச் சொல்லி அனுப்புங்கள்.

வீட்டில் போர்வெல் இருக்கிறவர்கள் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குக் கட்டாயம் வாருங்கள். பஞ்சாயத்தில் வைத்திருக்கிற சோதனைப் பெட்டியில் குரோமியம் பார்க்க முடியாது, ஆய்வுக்கூடத்தில் தனியாகக் கேட்டுத்தான் பார்க்க வேண்டும். மாதிரி எடுக்கும் பாட்டிலை நாங்களே தருகிறோம், வீட்டு பாட்டில் வேண்டாம். மோட்டார் போட்டு ஐந்து நிமிடம் ஓடவிட்டுப் பிடித்து, பெயரும் தெருவும் எழுதி ஒட்டிக் கொடுங்கள். எத்தனை பாட்டில் சேர்ந்தாலும் நானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்