சுகாதார நீதி மாலை: உன் நிரலைப் பார்த்தேன்

அன்புள்ள கதிர்,

நீ அனுப்பிய நிகழ்ச்சி நிரலைப் படித்தேன். மூன்று மணி நேரத்தில் எட்டுப் பேச்சு, நடுவே ஒரு பாட்டு, கடைசியில் நாடகம். கோபித்துக்கொள்ளாதே, அந்த நாடகம் நடக்காது. பேச்சாளர்கள் ஆளுக்கு ஐந்து நிமிடம் கூடுதலாக எடுத்தாலே நாற்பது நிமிடம் போய்விடும். அதை நாடகத்திலிருந்துதான் வெட்டுவீர்கள். பேச்சை மூன்றாகக் குறை. ஆளுக்குப் பன்னிரண்டு நிமிடம்; எழுதி வைத்துக்கொண்டு பேசுபவரென்றால் ஆயிரம் சொல் போதும்.

மூவரில் ஒருவராவது 'ஏற்றத்தாழ்வு' என்ற சொல்லை எடுக்காமல் ஒரு பொருளைக் கையில் தூக்கிக் காட்டட்டும். பல்ஸ் ஆக்சிமீட்டர் நல்ல தேர்வு. விரல் வழியே சிவப்பு, அகச்சிவப்பு ஒளியைச் செலுத்தி அது ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் கணிக்கிறது. தோலின் நிறமியும் அந்த ஒளியில் கொஞ்சத்தை உறிஞ்சிக்கொள்வதால், கருத்த தோலில் இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டிவிடுகிறது. 2020 டிசம்பரில் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், கருவி 92 முதல் 96 சதவீதம் வரை காட்டிய நேரங்களில், ரத்தப் பரிசோதனைப்படி உண்மை அளவு 88 சதவீதத்துக்கும் கீழே இருந்தது கறுப்பினத்தவரிடம் நூற்றுக்கு 11.7 முறை, வெள்ளையரிடம் 3.6 முறை. இங்கே யாரும் யாரையும் வெறுக்க வேண்டியதில்லை. கருவியைச் சரிபார்த்தபோது யாருடைய விரல்கள் அதிகம் இருந்தன என்பதே தீர்மானித்துவிடுகிறது. அரங்கமே அமைதியாகிவிடும், பார்.

இன்னொருவருக்கு ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரம் போதும். 2008-ல் வந்த உலக சுகாதார நிறுவன ஆணைய அறிக்கைப்படி, கால்டன் பகுதி ஆண்களின் ஆயுள் எதிர்பார்ப்பு 54. சில மைல் தள்ளி லென்சியில் 82. திரையில் இந்த இரண்டு எண்கள் மட்டும் இருக்கட்டும், வரைபடம் வேண்டாம்.

நாடகத்துக்கு வருகிறேன். பிரேசில் நாடகக்காரர் அகஸ்டோ போவால் வளர்த்த மன்ற அரங்கு முறைதான் இதற்குப் பொருந்தும். பத்து நிமிடக் காட்சி. நோயாளி மருத்துவமனைச் சாளரத்திலேயே திருப்பி அனுப்பப்படுகிறார், அத்தோடு முடிகிறது. உடனே அதே காட்சி மறுபடி. இம்முறை பார்வையாளர் யாரும் 'நிறுத்து' என்று சொல்லி, மேடையேறி அந்த நோயாளியாக நடிக்கலாம். இதற்கு முப்பத்தைந்து நிமிடமாவது ஒதுக்கு. முதல் ஆள் எழுந்துவரத் தயங்குவதிலேயே ஐந்து நிமிடம் போய்விடும். வழக்கமாகச் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: வருபவர், நோயாளியைத் திருப்பி அனுப்பிய குமாஸ்தாவின் இடத்தைப் பிடித்துக்கொண்டு அவரை நல்லவராக்கிவிடுவார். பிரச்சினை மந்திரம் போட்டதுபோல மறைந்துவிடும், கற்றுக்கொள்ள ஒன்றும் மிஞ்சாது. நடத்துபவர் அங்கே குறுக்கிட்டு, 'நாளைக் காலை இது நடக்குமா?' என்று அவையைக் கேட்க வேண்டும். நம் கூத்தின் கட்டியங்காரனைப் போல இரு பக்கமும் பேசத் தெரிந்தவரைத் தேடு. பேராசிரியர் வேண்டாம்.

நோயாளி ஒருவரைத் தன் கதையைச் சொல்ல வைக்கப்போவதாக எழுதியிருந்தாய். முன்பே எழுதி வாங்கிய சம்மதம் போதாது. அன்று மாலை மேடையேறும் முன் மறுபடி கேள். அவர் வேண்டாமென்றால் அந்த இடத்தில் பாட்டை வை, காரணத்தை அறிவிக்காதே. படப்பிடிப்பு கூடாது. சிறிய ஊரில் பெயரை மறைத்தாலும் நோய், தெரு, வேலை மூன்றையும் சொன்னால் ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

வாசலில் ரத்த அழுத்தம் பார்க்கும் மேசை வேண்டவே வேண்டாம் என்பேன். வைத்தே தீர்வதென்றால் பறையோசை எட்டாத அறையில் வை. ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்த பிறகு, கை இதய மட்டத்தில் இருக்க, அளக்க வேண்டும். பருத்த கைக்குச் சிறிய பட்டையைச் சுற்றினால் அளவு பொய்யாக ஏறும்; இரண்டு அளவுப் பட்டைகளாவது வாங்கு. அதைவிட முக்கியம், 180/120 வந்தவரை அன்றிரவே எங்கே அனுப்புவாய் என்பது. அதற்குப் பதில் கையில் இல்லாமல் மேசையைப் போடாதே.

மேடை உயரம் 40 செ.மீ. என்றாயே, சக்கர நாற்காலி ஏற 1-க்கு 12 சரிவில் 4.8 மீட்டர் சாய்தளம் வேண்டும். அரங்கின் நீளத்தை அளந்துவிட்டு, திருத்திய நிரலோடு சேர்த்து அனுப்பு. சைகைமொழி பெயர்ப்பாளர் இருவர் வேண்டும், மாறி மாறி நிற்க. நாடகத்தில் விளக்கை அணைக்கும்போதும் அவர்கள்மேல் வெளிச்சம் விழ வேண்டுமென்று விளக்குக்காரரிடம் இப்போதே சொல்லிவை.

அன்புடன்,
சேகர்