ஆறாம் வகுப்புப் பிள்ளைகளும் காலை பஸ்ஸும்

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி
ஜூலை 2026

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். போன ஏப்ரலில் நம் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு முடித்தவர்கள் நாலு பேர். பையன்கள் இருவரும் ஆறாம் வகுப்பில் சேர்ந்து, அப்பாவின் வண்டியில் போய் வருகிறார்கள். பெண்பிள்ளைகள் இருவரின் மாற்றுச் சான்றிதழ் இன்னும் என் மேசை டிராயரில்தான் கிடக்கிறது. வீட்டுக்கு வந்து கேட்டேன். "காலையில பஸ் வந்தா அனுப்ப மாட்டோமா சார்?" என்றார்கள். எனக்கு வாய் அடைத்துப்போனது.

காலை பஸ் மெயின் ரோட்டோடு திரும்பிவிடுகிறது. அங்கிருந்து நம்ம ஊர் 4 கிலோமீட்டர். வழி நெடுக சீமைக்கருவேலம், ஆள் நடமாட்டம் கிடையாது. மழை பெய்தால் ஓடைப் பக்கம் கரிசல் மண் சைக்கிள் மட்கார்டுக்குள் அப்பிக்கொள்ளும். குச்சியால் நோண்டி எடுத்த பிறகுதான் சக்கரம் சுற்றும். நானே எத்தனையோ நாள் நோண்டியிருக்கிறேன்.

பஸ் ஏன் வரவில்லை என்று பஸ் டெப்போவுக்குப் போய்க் கேட்டேன். "ஏறுறதே எட்டுப் பேர் சார். பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்ல, பிள்ளைங்களுக்கு பாஸ். கலெக்‌ஷன் எங்க இருக்கு?" என்றார்கள். 2021 முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம். அந்தப் பணத்தை அரசு போக்குவரத்துக் கழகத்துக்குக் கொடுத்துவிடுகிறது. நம் வீட்டுப் பெண்கள் ஓசியில் போவதால் பஸ்ஸுக்கு நஷ்டம் என்ற பேச்சை நாம் கேட்டுக்கொண்டு வரவேண்டியதில்லை.

ஆனால் ஊரின் தலைக்கணக்கு, அதாவது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு விஷயம் வேறு. பஸ் ஊருக்குள் வர நல்ல ரோடும் வேண்டும். பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தில் சமவெளி ஊருக்குக் குறைந்தது 500 பேர் இருக்க வேண்டும். அதற்குப் பார்ப்பது இன்றைக்கும் 2011 கணக்கைத்தான். அந்த வருடம் நான் வேறொரு ஊரில் கணக்கெடுத்தேன். பிப்ரவரி மாதம். பொங்கல் முடிந்த கையோடு சனம் செங்கல் சூளைக்குப் போயிருந்தது. தெருவில் பாதி வீட்டில் பூட்டு. திண்ணையில் கிழவிகள் மட்டும். கணக்கெடுக்கும் நாட்கள் முழுக்க ஊருக்கே வராதவர், போயிருக்கிற இடத்தில்தான் பதிவார். சூளைக்கும் திருப்பூருக்கும் போகிற ஊர் ஏட்டில் சுருங்குவது இப்படித்தான். அடுத்த தலைக்கணக்கும் 2027 பிப்ரவரியில்தான் வருகிறது. அந்த நாட்களுக்குள் இரண்டு நாளாவது ஊருக்கு வந்து போகச் சொல்லி வெளியூரில் இருப்பவர்களிடம் இப்போதே சொல்லிவையுங்கள். வரமுடியாதவர்கள் இருக்கிற இடத்திலாவது பதியட்டும். ஆனால் ஒரே ஆள் இரண்டு இடத்தில் பதியக் கூடாது.

அதுவரை பிள்ளைகள் காத்திருக்க முடியாது. கல்வி உரிமைச் சட்ட விதிப்படி ஐந்தாம் வகுப்பு வரை 1 கிலோமீட்டருக்குள்ளும், எட்டு வரை 3 கிலோமீட்டருக்குள்ளும் பள்ளி இருக்க வேண்டும். நமக்கு நடுநிலைப் பள்ளி 5 கிலோமீட்டர். இப்படிப்பட்ட ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் போக்குவரத்துப்படி உண்டு. விண்ணப்பத்தை நான் எழுதிவிட்டேன். உங்கள் கையெழுத்தும் ஆதார் நகலும்தான் பாக்கி. பணம் கைக்கு வரத் தாமதமாகும், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அதற்குள் நாலு வீடு சேர்ந்து ஒரு ஆட்டோ பேசலாமா என்று யோசியுங்கள்.

ஆகஸ்ட் 15 கிராம சபையில் காலை பஸ் கேட்டுத் தீர்மானம் போட வேண்டும். கொடியேற்றம் முடிந்ததும் மிட்டாயோடு கிளம்பிவிடாதீர்கள். தீர்மானம் நோட்டில் ஏறியதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அம்மாக்கள் அவசியம் வாருங்கள். அந்த பஸ்ஸில் ஏறப்போவது நீங்கள்தான்.

வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்குப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். அந்த இரண்டு பெண்பிள்ளைகளின் அப்பாக்களும் வந்தால் மாற்றுச் சான்றிதழைக் கையோடு தந்துவிடுவேன். மறுநாள் சேர்க்கைக்கு நானே கூட வருகிறேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்