சிக்னல்மேன் இல்லாமல் கொக்கி ஏறாது

கட்டுமானத் தளங்களின் திட்ட மேலாளர்களுக்கும் ஒப்பந்தக்காரர்களுக்கும்,

வணக்கம். போன வாரம் எங்கள் தளத்தில் நடந்தது சம்பந்தப்பட்டவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்கும் புதிதாக இருக்காது.

லிஃப்ட் சுவருக்கு அந்தப் பக்கம் கம்பிக்கட்டு இறங்க வேண்டும். நான் ஓட்டும் டவர் கிரேனின் கேபினிலிருந்து பார்த்தால், இரும்புக் கயிறு சுவருக்குப் பின்னால் மறைவது மட்டும்தான் தெரியும். கீழே யார் நிற்கிறார், கட்டைக் கொக்கியோடு பிணைக்கும் ஸ்லிங் எந்தத் தூணின் கம்பியில் மாட்டப் போகிறது, கட்டு தரையைத் தொட்டதா என்பதெல்லாம் கீழே நின்று வழிகாட்டும் சிக்னல்மேன் வாக்கிடாக்கியில் சொன்னால்தான் உண்டு. அந்த மனிதரை அந்த நேரம் பார்த்துச் சிமெண்ட் மூட்டை எண்ண அனுப்பிவிட்டீர்கள். வாக்கிடாக்கி பலகை அடிக்கும் தம்பி ஒருவன் கைக்குப் போய்விட்டது. அவன் "வா, வா, வா" என்றான். லாரியைப் பின்னால் எடுக்க அது போதும். நான் அதை என்னவென்று எடுத்துக்கொள்வது? இறக்குவதா, கொக்கியைத் தாங்கி ஓடும் டிராலியை உள்ளே இழுப்பதா, கிரேனின் நீண்ட கையான ஜிப்பைத் திருப்புவதா? நிறுத்திவிட்டேன். சிக்னல்மேன் திரும்பி வந்து பார்த்தபோது, தொங்கிக்கொண்டிருந்த கட்டுக்கு நேர் கீழே இருவர் குனிந்து கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள். இதற்குப் பிறகு என்னிடம் கேட்கப்பட்ட ஒரே கேள்வி, கிரேன் ஏன் அரை மணி நேரம் சும்மா நின்றது என்பதுதான்.

அந்தத் தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். அவனுக்கு யாரும் எதையும் சொல்லித்தரவில்லை. பச்சைச் சட்டையை மாட்டிவிட்டால் எவரும் சிக்னல்மேன் ஆகிவிடுவார் என்பது உங்கள் கணக்கு.

ஒரு லோடுக்கு ஒருவர்தான் சிக்னல் தர வேண்டும். 'நிறுத்து' என்பதை மட்டும் யார் சொன்னாலும் நான் கேட்பேன். வாக்கிடாக்கியில் குரல் அறுந்தாலும் நிறுத்துவேன். ஆட்காட்டி விரலை மேலே நீட்டிச் சுழற்றினால் ஏற்று, கீழே காட்டிச் சுழற்றினால் இறக்கு. தமிழ், இந்தி, ஒடியா என்று பல மொழி புழங்கும் தளத்தில் எல்லோருக்கும் பொதுவான பேச்சு இந்தக் கைச் சைகைதான். அதையாவது பழகியவரை நிறுத்துங்கள்.

சிங்கப்பூரில் 2011ஆம் ஆண்டின் கிரேன் விதிகளின்படி, பாரம் தூக்கும் வேலைக்கு மேற்பார்வையாளர், பாரத்தைக் கட்டி மாட்டும் ரிக்கர், சிக்னல்மேன் என்று தனித்தனியே ஆள் நியமிக்க வேண்டும். அங்கே சிக்னல்மேனாக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். இங்கே அவர்களுக்கு நீங்கள் தருவது செங்கல் தூக்கும் வேலை. மார்ச் 4 வந்தால் மட்டும் தேசியப் பாதுகாப்பு தினம் என்று பேனர் கட்டி, உறுதிமொழி வாசித்து, பிஸ்கட் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்கிறோம். அந்தப் படத்துக்காக எங்களை வரிசையில் நிற்கவைக்கும் அரை மணி நேரத்துக்கு யாரும் கணக்குக் கேட்டதில்லை!

பேச்சு எங்கோ போய்விட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்க வந்தது ஒன்றுதான். பயிற்சி பெற்ற சிக்னல்மேனை ஒவ்வொரு ஷிஃப்டிலும் நியமியுங்கள். அன்றைய வேலை அனுமதிச் சீட்டில் அவர் பெயரை எழுதுங்கள். லோடு தொங்கும்போது அவரை மூட்டை எண்ணவோ டீ வாங்கவோ அனுப்பாதீர்கள். அவர் சாப்பிடப் போனால் மாற்று ஆளை வையுங்கள், இல்லையென்றால் கொக்கியும் ஓய்வெடுக்கட்டும். அந்த நேரத்துக்கு ஆபரேட்டரிடம் விளக்கம் கேட்க வேண்டாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு டவர் கிரேன் ஆபரேட்டர்