கச்சான் காற்றில் கைப்பிடியை இறுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வைகாசி பிறந்து, கச்சான் எனும் மேற்குக் காற்று தொடங்கினால் வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவிப்பு பத்திரிகைகளில் வரத் தொடங்கும்: திருகோணமலை மாவட்டத்தில் இடைக்கிடை மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் பலத்த காற்று வீசக்கூடும். கடற்றொழிலாளர் அதைப் படித்துவிட்டுக் கடலைப் பார்ப்பார்கள். அதே காலையில் மூதூரிலும் கிண்ணியாவிலும் இருந்து 100 சிசி பைக்கிலும் ஸ்கூட்டரிலும் டவுனுக்கு வருகிறவர்கள் அது தங்களுக்கும் சேர்த்து எழுதியது என்று நினைப்பதில்லை.

அந்த அறிவிப்பில் பைக் ஓடுகிறவர் பார்க்க வேண்டிய சொல் 'இடைக்கிடை'. ஒரே சீராக அடிக்கும் காற்றுக்கு வண்டி சற்றுச் சரிந்து ஈடுகொடுத்து ஓடிவிடும். விட்டு விட்டு வரும் வீச்சுத்தான் 110 கிலோ வண்டியை ஒரு முழம் தள்ளி வைக்கிறது.

வீட்டில் எல்லோரும் சொல்லி அனுப்புவது "இறுக்கிப் பிடி" என்றுதான். அது பிழை. கை விறைத்திருந்தால், காற்று நெஞ்சில் அடிக்கும் ஒவ்வோர் அடியும் கை வழியே ஹேண்டிலுக்குப் போகும். வண்டியை ஆட்டுவது பாதி காற்று, பாதி நாமே. முழங்கை மடிந்து தளர்ந்திருக்க வேண்டும், பிடி முட்டையைப் பிடிக்கும் அளவு போதும். உடலை நிறுத்துவது முழங்கால்களின் வேலை: டாங்கியை இரு பக்கமும் அழுத்திப் பிடியுங்கள். ஸ்கூட்டரில் அணைக்க டாங்கி இல்லை, சில்லும் சிறிது. அதனால் ஸ்கூட்டர்காரர் பைக்காரரைவிடப் பத்துக் கிலோமீற்றர் குறைத்தே ஓட வேண்டும்.

காற்று இடப்பக்கத்தால் வந்தால் இடது கைப்பிடியை மெல்ல முன்னுக்குத் தள்ளுங்கள். வண்டி இடப்பக்கம், அதாவது காற்றுக்குள், சரிந்து நேரே போகும். வீச்சு ஓய்ந்தவுடன் அந்த அழுத்தத்தை விட்டுவிட வேண்டும். விடாவிட்டால் வண்டி இடப்பக்கம் பாயும்.

இனிக் கிண்ணியாப் பாலம். 2009இல் திறந்த இந்தப் பாலத்தின் நீளம் 396 மீற்றர். மேற்கே தம்பலகாமக் குடாவின் திறந்த நீர். கச்சானை மறிக்க ஒரு மரமில்லை. டவுனுக்கு, அதாவது வடக்கே, வரும்போது காற்று இடப்பக்கத்தால் வந்து எதிரே வரும் வாகனங்களை நோக்கித் தள்ளும். கிண்ணியாவுக்குப் போகும்போது வலப்பக்கத்தால் வந்து பாலத்தின் ஓரத்துக்குத் தள்ளும். இந்த இரண்டாவதைப் பலர் லேசாக எண்ணுகிறார்கள். ஆனால் எதிரே ஒரு லொறி வந்தால் கதை மாறும். நீங்கள் வலப்பக்கக் காற்றுக்கு ஈடாக வலப்பக்கம் சரிந்து ஓடுகிறீர்கள். லொறி அருகே வந்ததும் அதன் உடம்பு காற்றை மறைத்துவிடும். சரிவு மட்டும் மிச்சம் இருக்கும். வண்டி லொறியை நோக்கியே திரும்பும். லொறி கடந்ததும் காற்று மறுபடி முழுதாக அறையும். ஆகவே லொறி வருமுன்பே வேகத்தைக் குறைத்து இடப்பக்கம் சற்று ஒதுங்கி, அதன் முகப்பு உங்களை எட்டும் நொடியில் வலது கை அழுத்தத்தைத் தளர்த்துங்கள். சீனக்குடாப் பக்கத்துச் சீமெந்து, மா லொறிகளுக்கு இது மிகப் பொருந்தும். பாலத்தில் ஓவர்டேக் வேண்டவே வேண்டாம். ஐம்பதில் போனாலே அரை நிமிடத்துக்குள் பாலம் முடிந்துவிடும்!

மார்கழி, தையில் வடகிழக்கிலிருந்து வாடைக் காற்று வரும்போது பக்கம் மாறும், முறை ஒன்றுதான்.

எதிர்காற்று விழுத்தாது, எஞ்சினைத்தான் வாட்டும். அறுபதில் போகும்போது முப்பது கிலோமீற்றர் காற்று முகத்துக்கு வந்தால், வண்டி உணர்வது தொண்ணூறு. காற்றின் தடை இரண்டேகால் மடங்கு. எட்டுக் குதிரை வலுவுள்ள எஞ்சின் நாலாம் கியரில் திணறினால் அக்சிலேற்றரை முழுதாக முறுக்கி வைத்திருக்காமல் மூன்றுக்கு இறங்கி நாற்பது, நாற்பத்தைந்தில் போங்கள்.

காற்று நாளில் அம்பிடும் பல பிழைகள் உண்மையில் வண்டியில் முன்பே இருந்தவை. நடுஸ்டாண்டில் ஏற்றி, முன்சில்லு நிலத்தைத் தொடாமல் ஒருவர் பின்னால் அழுத்தட்டும். முன் போர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தால் 'டக்' என்றால் கோன் செட் (ஹேண்டில் திரும்பும் கழுத்துப் பெயாரிங்) தளர்ந்திருக்கிறது. ஹேண்டிலை மெதுவாகத் திருப்பும்போது நடுவில் ஒரு பள்ளத்தில் விழுவதுபோல் நின்றால் அது தேய்ந்துவிட்டது. இறுக்கிப் பயனில்லை, மாற்ற வேண்டும். ரயர் காற்று பெரும்பாலான 100 சிசி பைக்குகளுக்கு முன்னால் 25, பின்னால் தனியாளுக்கு 28, இருவருக்கு 32 பிஎஸ்ஐ அளவில் இருக்கும். உங்கள் வண்டிக்குரியதைக் கைநூலில் பாருங்கள்.

மீன் வியாபாரிகளின் ரெஜிபோம் பெட்டியைத் தனியே சொல்ல வேண்டும். பின்சில்லுக்கும் பின்னால், கரியரில் உயர்த்திக் கட்டிய பெட்டி ஒரு பாய்மரம். மீன் விற்று முடிந்து வெறும் பெட்டியோடு திரும்பும்போது பாரம் இருக்காது, பாய்மரம் அப்படியே இருக்கும். பெட்டியை இயன்றவரை சீற்றுக்கு நெருக்கி, தாழ்த்திக் கட்டுங்கள். பின்னால் இருப்பவரின் அபாயா, சாறி, ஷோல் தொடைக்கடியில் செருகியிருக்கட்டும். சாறி கார்டைக் கழற்றிவிட்டு ஓடும் பழக்கத்துக்கு எந்த நியாயமும் இல்லை.

நிறுத்தும்போதும் காற்று விடாது. சைட் ஸ்டாண்ட் இடப்பக்கம் இருப்பதால் இடப்பக்கக் காற்று வண்டியை நிமிர்த்தி மறுபுறம் போட்டுவிடும். கச்சான் நாளில் முன்சில்லு தெற்கைப் பார்க்க, முதலாம் கியரில் நிறுத்துங்கள்.

வீதி அபிவிருத்தி அதிகார சபையிடம் எங்கள் கோரிக்கை ஒன்றே: பாலத்தின் இரு முனையிலும் ஒரு கம்பமும் காற்றுத் திசை காட்டும் துணிக்குழாயும். விமான ஓடுபாதைகளில் தொங்குவதுதான், பெரிய செலவில்லை. பாலத்தில் ஏறுமுன்பே காற்று எந்தப் பக்கம், எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

மோட்டார் சைக்கிள் பயிற்றுநர்கள் சிலர்,
திருகோணமலை.